பாட்டரி முனையில் பூக்கும் உப்பு: கார் கிளம்பாததற்கு இதுவும் ஒரு காரணம்

செகந்தராபாத் பத்மாராவ் நகரிலும், மெட்டுகுடாவிலும், தார்நாக்காவிலும் குடியிருக்கும் தமிழர்களுக்கு இந்தக் காட்சி புதிதல்ல. ஊரிலிருந்து வந்திருந்த தாயாரைச் சென்னை ரயிலில் ஏற்றிவிட வேண்டும். பெட்டி படுக்கை எல்லாம் டிக்கியில் ஏறிவிட்டன. சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். மறுபடி திருப்பினால் மறுபடியும் 'டக்'. ரயிலுக்கு இன்னும் முக்கால் மணி நேரம்தான் இருக்கிறது.

அக்கம்பக்கத்தார் கூடிவிடுவார்கள். "பாட்டரி போயிடுச்சு சார், புதுசு மாத்திடுங்க" என்பார் ஒருவர். "ஸ்டார்ட்டர் மோட்டார் எரிஞ்சிருக்கும்" என்பார் இன்னொருவர். அந்தத் தெருவில் பல வருஷம் வண்டி ஓட்டிய ஒரு டிரைவர் இருந்தால் அவர் பேசாமல் பானெட்டைத் திறந்து பார்ப்பார். "பாட்டரி மேல தப்பு இல்லைங்க சார். டெர்மினல்ல உப்புப் பூத்துக் கிடக்கு, பாருங்க" என்பார். பார்த்தால், ஈயக் கொம்பைச் சுற்றி வெள்ளையும் பச்சை கலந்த நீலமுமாக ஒரு பொடி படிந்திருக்கும்.

புதுப் பாட்டரி வாங்கக் கிளம்பியவருக்கு அன்று மிச்சமாவது ஒரு மாதச் சம்பளத்தில் கணிசமான பகுதி. வாடகைக் கார் ஓட்டுகிறவருக்கோ மிச்சமாவது ஒரு நாள் பிழைப்பு. முதலாளியின் வண்டியை ஓட்டுகிறவர் என்றால், 'வண்டியைப் பார்த்துக்கொள்ளத் தெரியாதவன்' என்ற பழியிலிருந்தும் தப்பிக்கிறார்.

உப்பு எங்கிருந்து வருகிறது?

மோட்டார் வாகனங்களில் உள்ள ஈய அமில பாட்டரி நேற்று வந்த பொருள் அல்ல. பிரெஞ்சு விஞ்ஞானி காஸ்டன் பிளாண்டே 1859ல் இதைக் கண்டுபிடித்தார். கைப்பிடியைப் போட்டுச் சுற்றாமல் எஞ்சினைக் கிளப்பும் மின்சார ஸ்டார்ட்டரை அமெரிக்காவின் சார்லஸ் கெட்டரிங் வடிவமைத்து, 1912ஆம் ஆண்டு கடிலாக் காரில் அது வந்தது. அதற்குப் பிறகு கார் என்றால் பாட்டரி இல்லாமல் முடியாது என்றாகிவிட்டது.

12 வோல்ட் பாட்டரிக்குள் ஆறு அறைகள் உண்டு. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 2.1 வோல்ட் தரும். அறைக்குள் ஈயத் தகடும், ஈய ஆக்சைடு தகடும், நீர் கலந்த கந்தக அமிலமும் இருக்கின்றன. எஞ்சின் ஓடும்போது ஆல்டர்னேட்டர் பாட்டரிக்கு மின்சாரம் ஊட்டுகிறது. ஊட்டம் நிறையும் தறுவாயில் அமிலத்தில் உள்ள தண்ணீர் பிரிந்து ஹைட்ரஜனும் ஆக்சிஜனுமாகக் குமிழியிட்டு வெளியேறுகிறது. அந்தக் குமிழிகளோடு கண்ணுக்குத் தெரியாத அமிலத் துளிகளும் சேர்ந்து வருகின்றன. மூடியின் துளை வழியாகவும், கொம்பைச் சுற்றியுள்ள இடைவெளி வழியாகவும் கசிந்து, மேலே படிகின்றன.

படிந்த அமிலம் சும்மா இருப்பதில்லை. ஈயக் கொம்பைத் தின்றால் வெள்ளையாக ஈய சல்பேட் உண்டாகிறது. கேபிளில் உள்ள செம்பையோ, கிளாம்பில் உள்ள பித்தளையையோ தின்றால் நீலமும் பச்சையுமாகச் செம்பு சல்பேட் உண்டாகிறது. மயில்துத்தம் என்று நாம் சொல்வதும் இதுதான். எனவே நீலப்பொடியைக் கண்டால் கேபிளின் செம்பு அரிக்கப்படுகிறது என்று பொருள். உறைக்குள் இருக்கும் செம்புக் கம்பி வரை அரிப்பு போயிருந்தால், மேலே துடைத்துப் பயனில்லை. கேபிளையே மாற்ற வேண்டும்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வது நல்லது. 'சல்பேட் பிடிச்சிருக்கு' என்று மெக்கானிக்குகள் இரண்டு வெவ்வேறு கோளாறுகளைச் சொல்வதுண்டு. வெளியே கொம்பில் பூப்பது ஒன்று. வண்டி வாரக்கணக்கில் ஓடாமல் நின்று, பாட்டரி இறங்கிப்போய், உள்ளே தகடுகளில் சல்பேட் கெட்டிப்படுவது மற்றொன்று. வெளியே பூத்ததை வீட்டிலேயே சுத்தம் செய்யலாம். உள்ளே பிடித்ததற்குத் துடைப்பது மருந்தல்ல. 2020 மார்ச் 25 முதல் நாடு முழுவதும் ஊரடங்கு வந்தபோது, கோடை வெயிலில் வாரக்கணக்கில் நின்ற வண்டிகளுக்கு இந்த இரண்டாவது ஆபத்துதான் பெரிது.

ஹைதராபாத் வெயிலும் தண்ணீரும்

ஏப்ரல், மே மாதங்களில் ஹைதராபாத்தில் வெயில் 40 டிகிரியைத் தாண்டுவது சகஜம். பானெட்டுக்குள் சூடு அதைவிட அதிகம். சூடு ஏற ஏற ரசாயன மாற்றங்கள் வேகமாக நடக்கின்றன. 10 டிகிரி கூடினால் வேகம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும் என்பது பொதுவான கணக்கு. பாட்டரி விஷயத்தில் இதன் விளைவு மூன்று: தண்ணீர் சீக்கிரம் வற்றுகிறது, அரிப்பு வேகமாக நடக்கிறது, பாட்டரியின் ஆயுள் குறைகிறது.

தண்ணீர் வற்றுகிறதே என்று பயந்து, அறைகளை விளிம்பு வரை நிரப்பிவிடுகிறவர்கள் உண்டு. உப்புப் பூப்பதற்கு இது முக்கியமான காரணங்களில் ஒன்று. சார்ஜ் ஏறும்போது அமிலம் சூடாகி விரிந்து, மூடி வழியாக வழிகிறது. வழிந்தது கொம்பில் வந்து நிற்கிறது. பாட்டரியின் பக்கத்தில் உள்ள மேல் கோடு வரையில்தான் தண்ணீர் இருக்க வேண்டும். சார்ஜ் ஏறிய பிறகு ஊற்றுவதே முறை. தகடுகள் வெளியே தெரியும் அளவுக்கு வற்றியிருந்தால் மட்டும், தகடு மூழ்கும் அளவு முதலில் ஊற்றிவிட்டு, சார்ஜ் ஏறிய பின் கோட்டுக்குக் கொண்டுவரலாம்.

ஊற்ற வேண்டியது டிஸ்டில்டு வாட்டர் மட்டுமே. குழாய்த் தண்ணீரிலும் போர்வெல் தண்ணீரிலும் உள்ள உப்புகள் தகடுகளைக் கெடுக்கும். ஏ.சி. எந்திரத்திலிருந்து சொட்டும் தண்ணீரும் காய்ச்சி வடித்ததற்குச் சமம்தான் என்று சிலர் பிடித்து வைத்து ஊற்றுகிறார்கள். அது தூசி படிந்த செம்பு, அலுமினியக் குழாய்கள் மீது வடிந்து வருவது, பாட்டரிக்கு ஆகாது. ஆசிட் ஊற்றவே கூடாது. ஆவியாகிப் போவது தண்ணீர்தான். அமிலம் உள்ளேயே தங்குகிறது. அதன் மேல் மேலும் ஆசிட் ஊற்றினால் பாட்டரியின் ஆயுள் குறையும்.

'விளக்கு எரிகிறதே!'

"ஹெட்லைட் பளிச்சென்று எரிகிறது, ஹாரன் அடிக்கிறது, பிறகு ஏன் வண்டி மட்டும் கிளம்பவில்லை?" என்பது பலருடைய கேள்வி. பதில் ஒரு சின்னக் கணக்கில் இருக்கிறது.

உப்புப் பூத்த இணைப்பு மின்சாரத்துக்குத் தடை போடுகிறது. அந்தத் தடை ஓர் ஓமில் நூறில் ஒரு பங்குதான் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு ஹெட்லைட்டும் சேர்ந்து சுமார் 10 ஆம்பியர் இழுக்கின்றன. 10ஐ நூறில் ஒன்றால் பெருக்கினால் நஷ்டம் 0.1 வோல்ட். அது கண்ணுக்கே தெரியாது. ஆனால் ஸ்டார்ட்டர் மோட்டார் 200 ஆம்பியர் அளவுக்கு இழுக்கக்கூடியது. அப்போது நஷ்டம் 2 வோல்ட். பாட்டரியில் 11 வோல்ட் இருந்தாலும் ஸ்டார்ட்டருக்குப் போய்ச் சேருவது 9தான். எஞ்சினைச் சுற்ற அது போதாமல் போகலாம். நடுவில் தொலைந்த 400 வாட் சக்தி அந்த இணைப்பைச் சூடாக்குகிறது. பல தடவை சாவியைத் திருப்பிய பிறகு கிளாம்ப் கொதித்தால், கோளாறு அங்கேதான் என்று முடிவு செய்யலாம்.

வோல்ட்மீட்டர் வைத்திருப்பவர்கள் இன்னும் நிச்சயமாகக் கண்டுபிடிக்கலாம். மீட்டரின் ஒரு முனையை ஈயக் கொம்பின் நடுவிலும், மறுமுனையை அதன் மீதுள்ள கிளாம்பிலும் வைத்து, இன்னொருவரை ஸ்டார்ட் செய்யச் சொல்ல வேண்டும். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் இணைப்பு கெட்டிருக்கிறது. புதுப் பாட்டரிக்குப் பணம் கொடுக்கும் முன் இந்த ஒரு நிமிஷச் சோதனையைச் செய்யச் சொல்லிக் கேட்பதற்கு யாரும் கூச்சப்பட வேண்டியதில்லை.

சுத்தம் செய்யும் முறை

தேவையானவை: சரியான அளவு ஸ்பானர், ரப்பர் கையுறை, கண்ணாடி, பழைய பல்துலக்கும் பிரஷ், கம்பி பிரஷ் அல்லது உப்புத்தாள், ஒரு மேஜைக்கரண்டி சமையல் சோடா, ஒரு டம்ளர் தண்ணீர், வாஸலின். கிரானாக் கடையில் 'வண்ட சோடா' என்று தெலுங்கிலோ, 'கானே கா சோடா' என்று இந்தியிலோ கேட்டால் கொடுத்துவிடுவார்கள்.

முதலில் எஞ்சினை நிறுத்தி, சாவியை எடுத்துவிட வேண்டும். மோதிரம், கைக்கடிகாரம், உலோகக் காப்பு ஆகியவற்றைக் கழற்றி வைக்க வேண்டும். பாட்டரியின் மூடிகள் இறுக்கமாக இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். சோடாத் தண்ணீர் ஒரு சொட்டு உள்ளே போனாலும் அமிலத்தைக் கெடுக்கும்.

அடுத்து, வண்டியின் பாடியோடு சேர்ந்திருக்கும் கேபிளை முதலில் கழற்ற வேண்டும். இன்றைய கார்களில் அது நெகட்டிவ். இதற்குக் காரணம் உண்டு. பாசிட்டிவை முதலில் கழற்றப்போய் ஸ்பானர் தவறிப் பாடியில் பட்டால், முழு மின்சாரமும் ஸ்பானர் வழியே பாய்ந்து தீப்பொறி பறக்கும், கை வெந்துபோகும். நெகட்டிவைக் கழற்றிவிட்டால் அந்தப் பயமில்லை. எந்த முனை எது என்ற சந்தேகம் வந்தால் + - குறிகளைப் பார்க்கலாம். கூம்பு வடிவக் கொம்புகளில் பாசிட்டிவ் சற்றுப் பருமனாக இருக்கும்.

கிளாம்ப் இறுகிப்போயிருந்தால் சுத்தியால் அடிப்பதும், திருப்புளி கொண்டு நெம்புவதும் கூடாது. கொம்பைச் சுற்றியுள்ள அடைப்பு விட்டுப்போனால் அமிலக் கசிவு நிரந்தரமாகிவிடும். நட்டை நன்றாகத் தளர்த்தி, கிளாம்பின் வாயைச் சற்று விரித்து, மெல்ல அசைத்து மேலே எடுக்க வேண்டும்.

பிறகு சோடாவைத் தண்ணீரில் கரைத்து, உப்பின் மீது கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினால் நுரை பொங்கும். அமிலமும் காரமும் சேர்ந்து முறிவதால் வரும் நுரை அது. நுரை நிற்கும் வரை ஊற்றிப் பழைய பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும். காய்ந்த பொடியைச் சுரண்டக் கூடாது. அது ஈயம் கலந்த தூசி. நனைத்த பிறகே தேய்க்க வேண்டும். சுத்தமான தண்ணீர் விட்டுக் கழுவி, துணியால் ஈரமில்லாமல் துடைத்து, கொம்பின் வெளிப்புறத்தையும் கிளாம்பின் உட்புறத்தையும் ஈயம் பளபளக்கும் வரை இலேசாகத் தேய்த்தால் போதும்.

மாட்டும்போது முறை தலைகீழ்: பாசிட்டிவ் முதலில், நெகட்டிவ் கடைசியில். கையால் திருகினால் கிளாம்ப் அசையாத அளவுக்கு இறுக்க வேண்டும். இறுக்கிய பிறகு மேலே வாஸலினை மெல்லிசாகப் பூச வேண்டும். இது காற்றும் அமில ஆவியும் உலோகத்தில் படாமல் தடுக்கிறது. சாதாரண கிரீஸை அப்பினால் கோடைச் சூட்டில் உருகி வழிந்து, தூசியைச் சேர்த்துக்கொள்ளும். கொம்பின் அடியில் போடும் எண்ணெய் ஊறிய ஃபெல்ட் வாஷர் மோட்டார் உதிரிபாகக் கடைகளில் கிடைக்கும். அதையும் போட்டால் நல்லது. புதிய மாடல் கார்களில் கேபிளைக் கழற்றினால் ரேடியோ, கடிகாரம் முதலியவற்றை மறுபடி அமைக்க வேண்டியிருக்கும். அதற்கு வண்டியோடு வந்த புத்தகத்தை ஒரு தடவை பார்த்துக்கொள்வது உத்தமம்.

வழக்கத்தில் உள்ள சில தவறுகள்

கொதிக்கும் தண்ணீரை ஊற்றினால் உப்புக் கரைந்துவிடுகிறது, உண்மைதான். ஆனால் அமிலம் முறிவதில்லை. கீழே உள்ள இரும்புத் தட்டுக்கு இறங்கி, அதை அரிக்கிறது. கோலா பானம் ஊற்றுவது இன்னொரு வழக்கம். அதில் இருப்பதும் ஒரு வகை அமிலமே. அதன் சர்க்கரைப் பிசுக்கும் மிஞ்சுகிறது.

இருட்டில் தண்ணீர் மட்டம் பார்ப்பதற்காகத் தீக்குச்சி கிழிப்பது எல்லாவற்றிலும் மோசமான தவறு. காற்றில் 4 சதவிகிதம் ஹைட்ரஜன் இருந்தாலே அது பற்றிக்கொள்ளும். பாட்டரி வெடித்தால் அமிலம் முகத்தில் தெறிக்கும். பாட்டரி அருகில் பீடி, சிகரெட் கூடவே கூடாது.

அடுத்த வண்டியிலிருந்து கேபிள் போட்டுக் கிளப்புவதற்கும் ஒரு வரிசை உண்டு. சிவப்புக் கேபிள் முதலில் இறங்கிய பாட்டரியின் பாசிட்டிவ், பிறகு நல்ல பாட்டரியின் பாசிட்டிவ். கறுப்புக் கேபிள் நல்ல பாட்டரியின் நெகட்டிவ், கடைசியாக நின்றுபோன வண்டியின் எஞ்சின் இரும்பு. கடைசி முனையைப் பாட்டரியிலேயே மாட்டினால், பொறி பறக்கும் இடத்தில் ஹைட்ரஜன் இருக்கலாம் என்பதே காரணம். கழற்றும்போது இதற்கு நேர் எதிர் வரிசை.

மறுபடியும் பூத்தால்?

சுத்தம் செய்த சில வாரங்களிலேயே மறுபடி பூத்தால், உப்பு ஒரு அடையாளம்தான். நோய் வேறு இடத்தில் இருக்கிறது. தண்ணீர் அளவுக்கு மேல் இருக்கலாம். கொம்பின் அடைப்பில் விரிசல் இருக்கலாம். ஆவி வெளியேறும் துளை அடைத்திருக்கலாம். ஆல்டர்னேட்டர் அளவுக்கு மேல் சார்ஜ் ஏற்றிக்கொண்டிருக்கலாம். எஞ்சின் ஓடும்போது பாட்டரி முனைகளில் சாதாரணமாக 13.8 முதல் 14.5 வோல்ட் வரை இருக்கும். 15ஐத் தாண்டினால் ரெகுலேட்டரைச் சோதிக்க வேண்டும். அதைப் பாராமல் புதுப் பாட்டரி போட்டால் அதுவும் சீக்கிரம் போய்விடும்.

வாரன்ட்டி கார்டில் வாங்கிய தேதியும் கடை முத்திரையும் இருக்கின்றனவா என்று அன்றைக்கே பார்த்துப் பத்திரப்படுத்துவதும் சிக்கனத்தில் சேர்ந்ததே. 'மெயின்டனன்ஸ் ஃப்ரீ' என்று வரும் பாட்டரிகளில் கால்சியம் கலந்த ஈயம் இருப்பதால் தண்ணீர் குறைவாகவே வற்றுகிறது; உப்பும் குறைவாகப் பூக்கிறது. ஆனால் அறவே பூக்காது என்பதில்லை. வீட்டு இன்வெர்ட்டர் பாட்டரிக்கும், ஆட்டோ, லாரி பாட்டரிகளுக்கும் இங்கே சொன்னவை பொருந்தும்.

கண்ணும் குழந்தையும் முக்கியம்

அமிலம் கண்ணில் பட்டால் உடனே ஓடும் தண்ணீரில் குறைந்தது 15 நிமிஷம் கண்ணைத் திறந்து வைத்துக் கழுவ வேண்டும். சோடாத் தண்ணீரைக் கண்ணில் விடக் கூடாது. கழுவிய பிறகு தாமதமில்லாமல் கண் டாக்டரிடம் போக வேண்டும். மெஹ்தீபட்ணத்தில் சரோஜினி தேவி அரசுக் கண் மருத்துவமனை இருக்கிறது.

கண்ணுக்குத் தெரியாமல் வருவது ஈயத்தின் கெடுதல். பாட்டரி கடையிலும் ஒர்க் ஷாப்பிலும் தினமும் இந்தப் பொடியோடு புழங்கும் தொழிலாளர்கள் சாப்பிடும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவுவதும், வேலை உடுப்போடு வீட்டுக்குள் போய்க் குழந்தையைத் தூக்காமல் இருப்பதும் அவசியம். வளரும் குழந்தையின் மூளையை ஈயம் பாதிக்கும். ஆப்பிரிக்காவில் செனகல் தலைநகர் டாக்கரை ஒட்டிய தியாரோய் சுர் மெர் என்ற இடத்தில், பழைய பாட்டரிகளை உடைத்து ஈயம் எடுத்த மண்ணால் 2007 நவம்பர் முதல் 2008 மார்ச் வரை 18 குழந்தைகள் உயிரிழந்தனர்.

எனவே பழைய பாட்டரியை வீட்டில் உடைப்பதோ, அமிலத்தைச் சாக்கடையில் கொட்டுவதோ கூடாது. புதுப் பாட்டரி வாங்கும் கடையிலேயே பழையதைக் கொடுத்தால் விலையிலும் கழித்துக்கொள்வார்கள். பழைய பாட்டரிகளைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பை, 2022ஆம் ஆண்டின் மத்திய அரசு விதிகள் உற்பத்தியாளர்கள் மீது சுமத்தியிருக்கின்றன.

காரைக்குடியின் தொடர்பு

பாட்டரியும் உலோக அரிப்பும் ஒரே கூரையின் கீழ் ஆராயப்படும் இடம் தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் வழங்க, காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்துக்கு 1948 ஜூலை 25ல் ஜவஹர்லால் நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14ல், பொங்கல் நாளில், டாக்டர் ராதாகிருஷ்ணன் அதைத் திறந்து வைத்தார். காரின் மூலையில் பூக்கும் இந்த வெள்ளைப் பொடி அத்தனை பெரிய சாஸ்திரத்தின் ஒரு சிறு துளி.

வீட்டுக்காரர் செய்ய வேண்டியதோ மிகச் சுலபம். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வெயில் ஏறும் முன் பத்து நிமிஷம் பானெட்டைத் திறந்து பார்ப்பது. தண்ணீர் கோட்டுக்கு இருக்கிறதா, கிளாம்ப் அசைகிறதா, கொம்பில் வெள்ளை தெரிகிறதா என்ற மூன்றே கேள்விகள். அதைச் செய்கிற வீட்டில், ஊருக்குப் புறப்பட்ட தாயார் நேரத்தோடு ரயில் ஏறிவிடுவார்.